இடுப்பளவு சத்தியம்

அம்மாவின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தபோது எனக்கு வயது இருபத்தாறு. கழக்கூட்டம் என்ற மலையாள ஊரில் கம்ப்யூட்டர் வேலை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, வாய் மட்டும் காதுவரைக்கும். அப்படிப்பட்டவளை ஸ்ரீவராகத்து வாடகை வீட்டின் சமையலறை வாசலில் நிறுத்தி, வலது கையைப் பிடித்து இழுத்து, எண்ணெய் தடவிப் பின்னிய தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள்.

“இடுப்புக்கு மேலே ஜலம் ஏறப்படாது. எப்போ எறங்கினாலும் கால் தரையிலே ஊனணும். சொல்லு.”

சொன்னேன். சொல்லிவிட்டு, கையில் ஒட்டிய தேங்காயெண்ணெயைத் துப்பட்டாவில் துடைத்தேன். அதையும் பார்த்துவிட்டாள். அதற்கும் தனியாக இரண்டு வார்த்தை கிடைத்தது.

எல்லாம் ஒரு பாய்மரப் பலகையால் வந்தது. ஆபீசில் என் சீனியர் ஒருவர் ஹாலந்துக்கு வேலையாகப் போய் இரண்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியபோது, எல்லோரும் டிவியும் சாக்லேட்டும் கொண்டுவர, இந்த மனிதர் இரண்டு விண்ட்சர்ஃபிங் போர்டு கொண்டுவந்தார். ஆள் நீளத்தைவிட நீளமான பலகை, அதன்மேல் எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஒரு கம்பம், கம்பத்தில் பாய். பலகைமேல் நின்று, பாயின் குறுக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டு காற்றில் போகவேண்டியது. வேளிக் காயல் என்ற உப்பங்கழியோரம் ஒரு படகுக் கொட்டகையில் போர்டுகளை வைத்திருந்தார். சனிக்கிழமை மதியம் கடல்காற்று எழும் நேரத்துக்கு ஆபீஸ்காரர்கள் நாலைந்து பேர் அங்கே கூடுவோம். ஆபீசில் அவருக்குப் போர்டுக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது.

எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் தெருவில் பெண்கள் யாருக்கும் தெரியாது. பஸ் ஏறினால் கால் மணியில் கடல்; போய் நின்று, பாதம் நனைத்து, கடலை கொறித்து, புடவைக் கரையைப் பிழிந்துகொண்டு திரும்பி வருவோம். ஆழம் என்றால் ஆபத்து, ஆழமில்லை என்றால் பத்திரம். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. அப்பா போன பிறகு அம்மாவுக்கு மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். அவள் பயப்பட்டதில் தப்பே சொல்லமாட்டேன். அவளுக்குத் தெரிந்த ஆபத்திலிருந்து என்னைக் காப்பாற்றப் பார்த்தாள், அவ்வளவுதான்.

போர்டுக்காரருக்குத்தான் இந்தச் சத்தியம் பிடிக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் தலையில் அடித்துக்கொள்வார். பலகையின் அடியில், வால் பக்கம், ஒன்றரைச் சாண் நீளத்துக்கு ஃபின் என்று ஒன்று செங்குத்தாக நிற்கும். மீனின் துடுப்பு மாதிரி. அது இருப்பதால்தான் போர்டு பக்கவாட்டில் நழுவாமல் நேராகப் போகிறது. மெதுவாகப் போகும்போது அது தரையில் தட்டினால் ஒன்றுமில்லை, இறங்கித் தள்ளிக்கொள்ளலாம். வேகத்தில் தட்டினால் போர்டு அந்த இடத்திலேயே நின்றுவிடும், மேலே நிற்கிற ஆள் மட்டும் பறப்பார் என்பார். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஆழத்தில் விழுந்தால் நனைவதோடு சரி. முழங்கால் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தால் கழுத்து என்ன ஆகும் என்று யோசித்துப் பார் என்பார். நீச்சல் படி, ஆழத்துக்கு வா என்பார். எனக்குத்தான் மூக்கு நுனியில் கோபமாயிற்றே. என் அம்மாவுக்கு நான் பண்ணின சத்தியத்தில் நீங்கள் மூக்கை நுழைக்காதீர்கள் என்று மலையாளத்தில் ஒருதரம், தமிழில் ஒருதரம் சொல்லியிருக்கிறேன்.

காயலில் எனக்கென்று ஒரு பட்டை வைத்திருந்தேன். கரையிலிருந்து, மீன்காரர்கள் வலை கட்ட அடித்த முளைக்கம்பு வரிசை வரைக்கும் இடுப்பளவு தண்ணீர். அதற்குள்ளேயே போவேன், திரும்புவேன், போவேன். முளைக்கம்பு வந்தால் என் எல்லை வந்தது. மற்றவர்கள் அதைத் தாண்டி நடுக்காயலுக்குப் பறந்துகொண்டிருப்பார்கள். எனக்கு வயிறு எரியும், ஆனால் தாண்டமாட்டேன். அம்மாவின் தலை ஞாபகத்துக்கு வரும்.

அந்தப் பட்டைக்குள்ளேயே இரண்டாவது வருஷம் வேகம் பிடிபட்டது. காற்று நன்றாக விழும்போது போர்டு தண்ணீரைக் கிழிப்பதை நிறுத்திவிட்டு, மேலே எழுந்து வழுக்கும். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் துளி ஓடுமே, அந்த மாதிரி. காலுக்கடியில் படபடவென்று சத்தம், கையில் பாயின் இழுப்பு. அதைச் சொல்லி மாளாது. திங்கட்கிழமை ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போதும் உள்ளங்கால் குறுகுறுக்கும்.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. காயலுக்கும் கடலுக்கும் நடுவே அலை கொண்டுவந்து கொட்டின மணல் திட்டு ஒன்று வாயை அடைத்துக்கொண்டிருக்கும். பொழி என்பார்கள். மழையில் காயல் நிரம்பி, கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் எட்டிப் பார்த்தால், ஆட்கள் வந்து பொழியை வெட்டிவிடுவார்கள். வெட்டின சில மணி நேரத்தில் காயல் தண்ணீர் கடலுக்கு ஓடி, மட்டம் சட்டென்று இறங்கிவிடும். ஒரு வெள்ளிக்கிழமை வெட்டினார்கள். சனிக்கிழமை நான் போய் நின்றபோது என் பட்டையில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருந்தது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். முளைக்கம்பு வரைக்கும் நடந்து பார்த்தேன், முட்டளவு. அதைத் தாண்டிப் பத்தடி நடந்தேன், இடுப்பு. இன்னும் கொஞ்சம், இடுப்புதான். அட, சத்தியத்துக்குப் பங்கமில்லாமல் நடுக்காயல் வரைக்கும் போகலாமே! இரண்டு வருஷம் நான் பார்த்துப் பெருமூச்சு விட்ட இடம், எனக்காகவே தண்ணீர் இறங்கினது போல எனக்குப் பட்டது. இன்றைக்கு போர்டு இறக்கவேண்டாம், மணல்மேடு எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது என்று போர்டுக்காரர் கத்தினார். பதிலுக்கு நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முளைக்கம்பைத் தாண்டினேன். காற்று விழுந்தது, போர்டு எழுந்தது. எதிர்க்கரைப் படகுத்துறையில் கொத்தனார்கள் சிலர் சுவர்வேலை செய்துகொண்டிருந்தது தெரிந்தது. அவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட. தண்ணீரின் நிறம் முன்னால் வெளுத்திருந்தது. அது மணல் என்று மூளை சொல்லி முடிப்பதற்குள் ஃபின் குத்தி நின்றது.

போர்டு நின்றது, நான் நிற்கவில்லை. தலை முதலில் போய் விழுந்தது ஒரு சாண் தண்ணீரில். கழுத்துக்குள் ஒரு சத்தம் கேட்டது, முறுக்கு ஒடிகிற மாதிரி சின்னச் சத்தம். பிறகு முகம் தண்ணீருக்குள், வாயில் மணல். கையை ஊன்றி எழுந்திரு என்று எனக்கு நானே சொல்கிறேன். கை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஒரு சாண் தண்ணீரில் மூச்சு முட்டிச் சாகப்போகிறேன் என்பது தெளிவாகத் தெரிந்தது. பயத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக வந்தது என்றால் நம்புவீர்களா?

யாரோ தண்ணீரைச் சளசளவென்று மிதித்து ஓடிவரும் சத்தம். இரண்டு முன்கைகள் என் தலையின் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்தன. தலையும் உடம்பும் ஒரே கட்டையாக, மெதுவாக, என்னை மல்லாக்கத் திருப்பின. வானம் தெரிந்தது. சிமெண்டுத் தூசி படிந்த ஒரு முகம் தலைகீழாகத் தெரிந்தது. படகுத்துறையில் வேலை செய்த கொத்தனார்களில் ஒருவர், முப்பத்தைந்து வயதிருக்கும். தண்ணீரில் மண்டியிட்டு, என் தலையைத் தன் முன்கைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

அதற்குள் போர்டுக்காரரும் ஆபீஸ்காரர்களும் ஓடிவந்துவிட்டார்கள். ஒருவர் என் அக்குளில் கை கொடுத்து உட்காரவைக்கப் பார்த்தார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

“தூக்காதிய சார். யாரும் இந்தப் பிள்ளையத் தொடாதிய.”

கொத்தனார் பேசியது வள்ளியூர்ப் பக்கத்துத் தமிழ். நீ யார் சொல்வதற்கு என்று மலையாளத்தில் சண்டை ஆரம்பித்தது. அவருக்குப் பதில் சொல்ல நேரமில்லை, என் தலையைப் பிடித்திருந்தார். நானும் சும்மா இருந்தேனா? முன்பின் தெரியாத ஆண்பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், நாலு பேர் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தாங்கவில்லை. தலையை விடு என்றேன். வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டினேன். அவர் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

“திட்டுங்க தங்கச்சி. எம்புட்டு வேணும்னாலும் திட்டுங்க. கழுத்த மட்டும் அசைக்காதிய.”

அந்தக் குரலில் இருந்த எதுவோ என் வாயை அடைத்தது. சண்டை போட்டவர்களும் அடங்கினார்கள். அதன் பிறகு அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் செய்தார்கள். சாரத்துக்குப் போடும் அகலப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து தண்ணீருக்குள்ளேயே எனக்கு அடியில் நுழைத்தார்கள். இரண்டு சிமெண்டுச் சாக்கில் ஈர மணலை அள்ளிப்போட்டுத் தலைக்கு இந்தப்பக்கம் ஒன்று, அந்தப்பக்கம் ஒன்று. கொத்தனார்களின் தலைத்துண்டுகளால் நெற்றியையும் மார்பையும் காலையும் பலகையோடு சேர்த்துக் கட்டினார்கள். யாரோ ஆட்டோ பிடித்து வந்தார்கள். ஆட்டோ ஆகாது என்று திருப்பி அனுப்பினார். மணல் கொண்டுவந்த டெம்போவின் பின்னால் பலகையோடு ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வரைக்கும் என் தலைமாட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் டிரைவரிடம் மெல்ல, மெல்ல என்று சொல்லிக்கொண்டே வந்தார். என்னை உள்ளே கொண்டுபோனதும் அந்த டெம்போவிலேயே வேலைக்குத் திரும்பிவிட்டார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை நான். திட்டினதுதான் மிச்சம்.

கழுத்தெலும்பு ஒன்று முறிந்திருந்தது, உள்ளே நரம்பு அறுபடவில்லை. யார் இப்படிக் கட்டிக் கொண்டுவந்தது என்று டாக்டர் இரண்டு தடவை கேட்டார். உட்காரவைத்திருந்தால் இந்தப் பெண் இனி எழுந்தே இருக்கமாட்டாள் என்று போர்டுக்காரரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மறுநாள் காலை வலது கையின் சுண்டுவிரல் ஊசி குத்தினது போல் சுரீரென்றது. நான் ஓவென்று அழுதேன். நர்ஸ் பயந்துபோய் ஓடிவந்தாள். வலிக்கிறது சிஸ்டர், வலிக்கிறது என்று சிரித்துக்கொண்டே அழுதேன்.

அன்று மத்தியானம்தான் அம்மா கேட்டாள். முதல்நாள் ராத்திரி முழுக்க அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். போர்டுக்காரர் பழம் வாங்கி வந்து நின்றுகொண்டிருந்தார்.

“சத்தியத்தை மீறினயா?”

அந்தக் கேள்வியை அவள் எப்படிக் கேட்டாள் என்பதை நான் பார்த்தேன். மீறினேன் என்று நான் சொல்லவேண்டும் என்று அவள் முகம் கெஞ்சியது. ஆழம் வேண்டாம் என்று தலையில் அடித்துச் சொல்லவைத்தவள், அதனாலேயே மகள் கழுத்தை ஒடித்துக்கொண்டாள் என்று தெரிந்தால் தாங்குவாளா? போர்டுக்காரர் வாயைத் திறந்தார், நான் முந்திக்கொண்டேன். ஆமாம், மீறிவிட்டேன், நெஞ்சளவு ஆழத்துக்குப் போனேன், கம்பம் சரிந்து கழுத்தில் அடித்தது என்றேன்.

அவ்வளவுதான், போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது. திட்டத் தொடங்கினாள். கழுத்தில் பட்டை மாட்டி வீட்டில் கிடந்த மூன்று மாதமும் திட்டினாள். ரசம் சாதத்தைப் பிசைந்து ஊட்டிக்கொண்டே திட்டினாள், முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டே திட்டினாள். நான் ஒருநாளும் எதிர்த்துப் பேசவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த மூன்று மாதம் அது ஒன்றுதான்.

பட்டையைக் கழற்றின வாரம், கொத்தனார் எங்கே வேலை செய்கிறார் என்று போர்டுக்காரர் விசாரித்துச் சொன்னார். கழக்கூட்டத்தில், என் ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளி, ஹாஸ்டல் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள், அங்கேதான். அம்மாவும் வருவேன் என்று கிளம்பினாள். ஒரு டப்பா நிறையத் தேன்குழல், ஒரு வேட்டி, ஒரு துண்டு. அவருடைய துண்டு என் நெற்றியில் கட்டினதோடு போயிற்றே என்றாள்.

மூன்றாம் மாடியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தார். டப்பாவை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

“மொதல்ல கழுத்தத் திருப்புங்க, பாப்போம்.”

இடப்பக்கம் திருப்பினேன். வலப்பக்கம் திருப்பினேன். மேலே பார்க்கச் சொன்னார், கீழே பார்க்கச் சொன்னார். சுவருக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பது போல ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். அன்றைக்குத் திட்டினதற்கு மன்னிப்புக் கேட்டேன். அது கிடக்கட்டும் என்றார். தூக்கக்கூடாது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அம்மா கேட்டாள்.

“என் மச்சான்மா. ரெண்டாம் மாடிச் சாரத்துல இருந்து விழுந்தான். பேசிக்கிட்டுத்தான் கெடந்தான். நான்தான் தண்ணி குடுக்கணும்னு கக்கத்துல கை குடுத்து நிமித்தி உக்கார வச்சேன். அதோட கால் ரெண்டும் போச்சு. விழுந்ததுல போவலியாம், நான் தூக்குனதுலதான் போச்சுன்னு டாக்டர் சொன்னாரு.”

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “நல்லதுன்னு நெனச்சுத்தானே பண்ணினேள்? தெரிஞ்சா பண்ணினேள்? அதையே நெனச்சு மருகப்படாது, கேட்டேளா.”

அவர் தலையாட்டினார். பாரம் கொஞ்சம் இறங்கினது போல இருந்தது முகம். பிறகு அன்றைய கதையை அம்மாவுக்கு அவரே சொன்னார். பொழி வெட்டித் தண்ணீர் இறங்கினதால்தான் சுவர்வேலைக்கு அன்றைக்கு வந்தார்களாம், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் ஆளே இருந்திருக்க மாட்டார்களாம். சொல்லிக்கொண்டே வந்தவர், ஆழத்தில் விழுந்திருந்தால் பிள்ளைக்கு ஒன்றுமே ஆகியிருக்காது, அந்த இடத்தில் ஒரு சாண் தண்ணீர்கூட இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கழுத்தைத் திருப்பிக்கொண்டேன். இப்போதுதான் திருப்ப முடிகிறதே.

கிளம்பும்போது டப்பாவை வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போவதாகச் சொன்னார். “மச்சான்கிட்டச் சொல்லுதேன், அந்தப் பிள்ள கழுத்த ரெண்டு பக்கமும் திருப்புதுன்னு.” இன்றைக்கும் காலையில் தலை வாரும்போது, கழுத்தைச் சாய்த்துப் பின்னலை முன்னால் எடுத்துப் போடுகிற அந்த நொடியில் எனக்கு அவர் ஞாபகம் வரும். முகம் தெரியாத அந்த மச்சானின் ஞாபகமும் வரும். என் கழுத்து அவர்கள் இரண்டு பேரும் கொடுத்தது.

பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். ஹைவே நெரிசலில் பஸ் ஊர்ந்தது. சத்தியத்தை நீ மீறவே இல்லையா என்று கடைசியில் கேட்டாள். இல்லை என்றேன். பொய்யாக்கும் சொன்னே என்றாள். ஆமாம் என்றேன். கொத்தனாரிடம் அவள் சொன்னாளே, நல்லதென்று நினைத்துத்தானே என்று, அதையே அவளிடம் திருப்பிச் சொன்னேன். முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

கிழக்கேகோட்டையில் இறங்கினோம். பஸ்காரர்கள் கூவிக்கொண்டிருக்கிறார்கள், ஜனம் இடித்துக்கொண்டு போகிறது. நட்டநடுவே நின்றாள் அம்மா. என் வலது கையைப் பிடித்து இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள்.

“மாருக்குக் கொறஞ்ச ஜலத்திலே அந்தப் பலகையிலே ஏறப்படாது. சொல்லு.”

“எனக்கு நீந்தத் தெரியாதேம்மா.”

“படிச்சுக்கோ. நானும் கூட வந்து ஒக்காந்துக்கறேன். மொதல்ல சொல்லு.”

சொன்னேன். பிடித்த கையை அவள் உடனே விடவில்லை, நானும் எடுக்கவில்லை. காயலில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கிடந்த அதே கை. தலைமுடியின் சூடு தெரிந்தது, வகிடு தெரிந்தது, தேங்காயெண்ணெயின் பிசுக்கு ஐந்து விரலுக்கும் தெரிந்தது. வீடு வரைக்கும் அதைத் துடைக்கவில்லை.